கதவில் சாய்ந்த விளக்குமாறு

ரைலி நிவா பிறந்தது ஆற்றின் இந்தக் கரையில், சுவீடனில். வாழ்க்கைப்பட்டது அந்தக் கரையில், பின்லாந்தில். சரிப்பட்டு வராமல் திரும்பி வந்தது மறுபடி இந்தக் கரைக்கு. கேட்பவர்களுக்கு ஏதோ இரண்டு நாட்டுக் கதை போலத் தோன்றும். நடுவில் இருப்பது ஒரு பாலம், அவ்வளவுதான். பிறந்த வீட்டிலிருந்து கொண்டுபோன தையல் மிஷினை, உறைந்து கிடந்த ஆற்றின் மேலேயே சறுக்குவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தாள். முன்னாள் புருஷனே பாதி ஆறு வரைக்கும் கூடத் தள்ளிக்கொடுத்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சண்டையைக்கூட அங்கே சத்தம் போட்டுச் செய்வதில்லை.

இரண்டு கரையிலும் ஊருக்குப் பெயர் துவோமிலாதான். எந்தக் காலத்திலோ எல்லைக்கோடு போட வந்த துரைமார்கள் ஊரை இரண்டாக வகிர்ந்தார்களே தவிர, இன்னொரு பெயர் யோசிக்கச் சோம்பல்பட்டுவிட்டார்கள். பேச்சும் இரண்டு கரைக்கும் ஒன்றே. கடிகாரம் மட்டும் அந்தக் கரையில் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். அதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இன்னொன்று: அந்த ஊர்களில் அரசனைத் தவிர மற்ற எல்லாருக்கும் ‘நீ’தான். வயசு, பதவி எதுவும் கணக்கில்லை.

ரைலி இருபது வருஷம் மரலாரி ஓட்டினாள். முதுகு ‘போதும்’ என்று சொன்ன பிறகு புத்தக வண்டிக்கு மாறினாள். அது ஒரு பழைய பேருந்து. இருக்கைகளைக் கழற்றிவிட்டு அலமாரி அடித்து, நடுவில் ஒரு சின்னக் கல்லாமேசை போட்டிருந்தார்கள். இரண்டு கரை ஊராட்சிகளும் சேர்ந்து நடத்தும் ஆற்றோரக் கூட்டுக்குழுவின் வண்டி. செவ்வாயும் வியாழனும் இந்தக் கரையில் புறப்பட்டு, பாலம் தாண்டி, அந்தக் கரையைச் சுற்றிக்கொண்டு சாயங்காலம் திரும்பும். ஓட்டுநர், நூலகர், குப்பை கூட்டுபவர் எல்லாம் ரைலிதான். ஐம்பத்தெட்டு வயதில் இந்த வேலை அவளுக்கு வாய்த்ததைப் பற்றி அவள் யாரிடமும் சந்தோஷம் என்று சொன்னதில்லை. ஆனால் திங்கட்கிழமையே வண்டியைக் கழுவிவிடுவாள்.

வேலையில் அவளுக்குப் பிடிக்காத ஒரே பகுதி, இணையப் பக்கம். கூட்டுக்குழுவின் விதிப்படி வண்டிக்கு ஒரு பக்கம் இருக்க வேண்டும். அதில் வாரத்துக்கு ஒரு படமும் நாலு வரியும் போட வேண்டும். ரைலி போடுவாள். புதுப் புத்தகம், பழுதான வைப்பர், பாலத்தில் மான் நின்றது என்று எதையாவது. மூன்று வருஷத்தில் அவளுக்குக் கிடைத்த இதயக் குறிகளை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். அதிலும் ஒன்று பிரேசிலிலிருந்து வந்தது; அது ஏன் என்று இன்று வரை தெரியவில்லை.

ரைலி அதற்காக வருத்தப்படவில்லை. துவோமிலாக்காரர்கள் அப்படித்தான். நன்றாக இருக்கிற சமாச்சாரத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? சாப்பாடு ருசியாக இருந்தால் தட்டைக் காலி செய்வார்கள். மோசமாக இருந்தால் ‘உப்பு’ என்பார்கள். மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டால் விறகு வெட்டக் கூப்பிடுவார்கள். வாயைத் திறந்து பாராட்டுவது என்பது அங்கே கிட்டத்தட்ட கடன் கேட்பதற்கு முன்னால் செய்கிற காரியம்.

ஆனால் கடற்கரைப் பட்டணத்தில் இருந்த கூட்டுக்குழு அலுவலகத்துக்கு இது புரிய வேண்டுமே. அங்கே தகவல் தொடர்புக்கு யெஸ்பர் என்று ஓர் இளைஞன் இருந்தான். நல்ல பிள்ளை. வாக்கியத்துக்கு ஒரு தடவை சிரிப்பான். மார்ச் மாதத் தொடக்கத்தில் அவன் ரைலியைக் கூப்பிட்டபோது சிரிப்பு இல்லை.

“ரைலி, சர்வே முடிஞ்சுது. ‘எல்லை தாண்டிய இந்தச் சேவையை நம்புறீங்களா’ன்னு ரெண்டு கரையிலயும் கேட்டோமே, அது.”

“எத்தன பேரு பதில் போட்டாங்க?”

“ஒருத்தர்கூட இல்ல.”

“அப்ப எல்லாருக்கும் திருப்தின்னு அர்த்தம்.”

“அப்படி இல்ல ரைலி. பதிலே வரலன்னா நம்பிக்கை இல்லன்னு கணக்கு.”

“எவன் போட்ட கணக்கு அது?”

“நான்தான் போட்டேன்” என்றான் யெஸ்பர், பரிதாபமாக. “ஏப்ரல்ல ரெண்டு ஊராட்சியும் சேர்ந்து உக்காருது. வண்டிய தொடர்றதா நிறுத்தறதான்னு அன்னைக்கு முடிவாயிடும். நான் அவங்க முன்னாடி எதையாவது காட்டணும். மக்கள் நம்பறாங்கன்னு காட்ட ஏதாவது குடு. எதுவா இருந்தாலும் சரி.”

அடுத்த செவ்வாய் ரைலி, வண்டிக்குள் வந்தவர்களிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தாள். இந்தக் கரையில் தச்சு வேலை செய்யும் பெர்-ஓலோவ், துப்பறியும் கதைகளாக ஆறு எடுத்துக்கொண்டு நின்றான்.

“வண்டியோட இணையப் பக்கத்துல போயி ரெண்டு வார்த்தை எழுதேன்” என்றாள்.

“என்னன்னு?”

“நம்பறேன்னு.”

“மிஷின் கிட்டயா? நம்பலன்னு உன் கிட்டயே நான் எப்பவாவது சொன்னேனா?” என்று சொல்லிவிட்டு, அவமானப்பட்டவன் போலத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கிப் போனான்.

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ரைலியை நம்புகிறார்களா என்று கேட்பதே அபத்தம். துவோமிலாவில் வீட்டைப் பூட்டுகிற வழக்கம் கிடையாது. வெளியே போகிறவர்கள் குச்சி விளக்குமாற்றை எடுத்துக் கதவின் குறுக்கே சாய்த்துவிட்டுப் போவார்கள். வீட்டில் ஆள் இல்லை, அவசியம் என்றால் உள்ளே போ என்று அதற்கு அர்த்தம். ரைலி அப்படிப்பட்ட வீடுகளில் விளக்குமாற்றைத் தள்ளி வைத்துவிட்டு உள்ளே போவாள். படித்து முடித்த புத்தகங்கள் சமையலறை மேசையில் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு புதிதை வைப்பாள். பிளாஸ்கில் காப்பி இருந்தால் அரை கோப்பை ஊற்றிக் குடிப்பாள். திரும்ப விளக்குமாற்றைச் சாய்த்துவிட்டு வண்டி ஏறுவாள். அந்தக் கரையில் தௌனோ என்று ஒரு கிழவர், காட்டிலாகாவில் மரம் அளந்து ஓய்வுபெற்றவர். கடலையே பார்க்காமல் கடல் பயணப் புத்தகமாகப் படித்துத் தள்ளுகிறவர். வருஷத்துக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவர் வீட்டு மேசையில் ரைலிக்கென்றே ஒரு கோப்பை கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும்.

அந்த வியாழக்கிழமை வெயில் பளீரென்று அடித்தது. பனியில் கண் கூசியது. இரண்டு கரைக்காரர்களும் ஆற்றில் பனியைத் துளைத்துத் தூண்டில் போடப் போய்விட்டார்கள். வீட்டுக்கு வீடு விளக்குமாறு. பச்சைக் கதவில் ஒன்று, மஞ்சள் கதவில் ஒன்று, தௌனோவின் நீலக் கதவில் ஒன்று. பார்க்கப் பார்க்க ரைலிக்கு நெஞ்சு நிறைந்துபோனது. யெஸ்பர் கேட்டது இதுதானே என்று தோன்றியது. போனை எடுத்துப் பன்னிரண்டு வாசல்களைப் படம் பிடித்தாள். கீழே எழுதினாள்: ‘எங்கள் துவோமிலாவில் பூட்டு இல்லை. கதவில் விளக்குமாறு இருந்தால் வீட்டில் ஆள் இல்லை. நான் உள்ளே போய்ப் புத்தகம் வைத்துவிட்டு வருவேன். இரண்டு நாடு, ஒரே நம்பிக்கை.’

விளக்குமாற்றுக்குப் பட்டுக்குஞ்சம் கட்டியது போல என்பார்களே, அது நடந்தது. சாயங்காலத்துக்குள் ஆயிரம் இதயம். ஞாயிற்றுக்கிழமைக்குள் நாற்பதாயிரம். யார் யாரோ, எந்தெந்த ஊரிலிருந்தோ ‘அழுதுவிட்டேன்’ என்று எழுதினார்கள். யெஸ்பர் போனில் பாட்டே பாடினான். ரைலியும் சும்மா சொல்லக் கூடாது, மிதந்தாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் போனை எடுத்துப் பார்த்தாள். மரலாரி ஓட்டின காலத்தில் எத்தனையோ பேய்ப்பனியைத் தாண்டி வந்திருக்கிறாள், ஒருத்தனும் கைதட்டியதில்லை. இப்போது உலகமே தட்டுகிறது. அது யாருக்குத்தான் பிடிக்காது?

துவோமிலாவிலிருந்து மட்டும் ஒரு குறிகூட வரவில்லை. வழக்கம்தானே என்று அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

திங்கட்கிழமை அந்தக் கரையிலிருந்து ஹெல்லேவி வந்தாள். ரைலியின் அண்ணன் மனைவி, நாக்கில் மிளகாய் அரைத்து வைத்திருப்பவள், அந்தப் பிராந்தியத்திலேயே பேசத் தெரிந்த ஒரே ஆள் என்று சொல்லலாம். கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“தௌனோ வீட்டு விஷயம் தெரியுமாடி?”

“என்ன ஆச்சு? உடம்புக்கா?”

“உடம்புதான். ஊரே பாக்கற மாதிரி ஆயிடுச்சு அந்த உடம்பு. சனிக்கிழம அவன் வீட்டுக் கதவுல விளக்குமாத்த சாத்திட்டு ஆத்தோரத்து சவுனாவுல ஆவிக்குளியல் போடப் போயிருக்கான். வெந்து செவந்து, பனியில புரண்டு எழுந்து, கையில துண்ட வெச்சுக்கிட்டு வீட்டுக்குள்ள நுழைஞ்சா, சமையல்கட்டுல புருஷனும் பொண்டாட்டியுமா ரெண்டு பேர் உக்காந்திருக்காங்க. தெற்கேருந்து வேன்ல வந்தவங்க. போன்ல அடுப்பப் படம் எடுத்துட்டிருக்காங்க!”

“துண்டு கையிலயா இருந்துச்சு?”

“கையிலதான். இடுப்புல இருந்தா நான் ஏன் இவ்ளோ தூரம் வந்து சொல்றேன்? அந்தப் பொம்பள எழுந்து கை குடுத்தாளாம். ‘எவ்வளவு இயல்பான மனுஷங்க’ன்னாளாம்.”

ரைலிக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. ஹெல்லேவியும் சிரித்தாள். ஆனால் அவள் சீக்கிரமே நிறுத்திவிட்டாள்.

“அவன் நேரா கடைக்குப் போயி பூட்டு வாங்கிட்டு வந்துட்டான் ரைலி. அவன் மட்டும் இல்ல. கடையில பூட்டே இல்லையாம் இப்ப.”

சிரித்துக்கொண்டிருந்த வாய் அப்படியே நின்றது. எந்த வீட்டில் ஆள் இல்லை, எந்த வீடு பூட்டவில்லை, எந்த ஊரில், எப்படிக் கண்டுபிடிப்பது என்று நாற்பதாயிரம் பேருக்குப் படம் போட்டுச் சொல்லியாயிற்று. திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான்.

செவ்வாய்க்கிழமைச் சுற்றை அவள் ஆயுசுக்கும் மறக்க மாட்டாள். ஒரு கதவிலும் விளக்குமாறு இல்லை. கொக்கியில் பிளாஸ்டிக் பை தொங்கியது, அதற்குள் புத்தகங்கள். எடுத்துக்கொள், உள்ளே வராதே. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. துவோமிலாவின் மௌனத்தில் இருபது வகை உண்டு. ரைலிக்கு எல்லா வகையும் தெரியும். சாப்பாட்டு மௌனம், மீன்பிடி மௌனம், காதல் மௌனம், எல்லாம் தெரியும். இந்த வகையை அவள் முதல் முறையாக, தன் மேலேயே பார்த்தாள். தௌனோவின் நீலக் கதவில் பளபளவென்று புதுப் பூட்டு. பையில் இருந்த கடல் புத்தகத்தில் பனி ஏறி, அட்டை ஊறிப்போயிருந்தது. அவர் ஒரு நாளும் புத்தகத்தை ஈரத்தில் வைக்கிறவர் இல்லை. அதைத் துடைக்கும்போது ரைலிக்கு அழுகை வந்தது.

வண்டியை ஓரம் கட்டிவிட்டு அங்கேயே படங்களை அழித்தாள். பத்து நிமிஷத்தில் யெஸ்பர் கூப்பிட்டான்.

“ரைலி! பதிவைக் காணோம்! தப்பா ஏதாவது அமுக்கிட்டியா?”

“சரியாத்தான் அமுக்கினேன்.”

“அய்யோ, நாப்பதாயிரம் பேர் ரைலி! கூட்டத்துல காட்டறதுக்கு நம்ம கிட்ட இருந்த ஒரே விஷயம் அது. அது இல்லன்னா வண்டி நின்னுடும்.”

“அந்த நாப்பதாயிரத்துல எவனாவது என் வண்டியில ஏறுவானா?”

“ஏறமாட்டான்” என்றான் யெஸ்பர். நல்ல பிள்ளை என்று சும்மாவா சொன்னேன்.

“ஏறுறவங்க கதவ மூடிட்டாங்க. அது தெறக்கலன்னா வண்டி ஓடி என்ன, நின்னா என்ன” என்று சொல்லிவிட்டு ரைலி போனை வைத்தாள்.

அன்றைக்கே ஹெல்லேவி வீட்டுக்குப் போய், அழித்துவிட்டேன் என்று சொன்னாள். பாராட்டு எதிர்பார்க்கவில்லை, ஒரு ‘ம்’ கிடைக்கும் என்று நினைத்தாள்.

“அழிச்சுட்டா? பாத்தவன் கண்ணையும் புடுங்கிட்டு வந்தியா?” என்றாள் ஹெல்லேவி. “சரி, ஒண்ணு கேக்கறேன். பன்னெண்டு வாசல் போட்டியே. என் வாசலக்கூடப் போட்ட, மிதியடி அழுக்கா கெடந்துச்சு, அதோட. உன் வாசல் எங்கடி?”

ரைலியின் வாசல்? படியில் பனி தள்ளாமல் கிடந்தது, படத்துக்கு நன்றாக இருக்காது என்று விட்டுவிட்டாள். இல்லை. அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் உள்ளுக்குள் எங்கேயோ, ஊருக்கே தெரிகிற மாதிரி தன் வீடு வேண்டாம் என்று ஒரு மூலை நினைத்திருக்கிறது. அந்த மூலையை ஹெல்லேவி விரல் வைத்துக் காட்டிவிட்டாள். முகம் காது வரைக்கும் சுட்டது.

வியாழக்கிழமை காலை ரைலி படியில் இருந்த பனியைத் தள்ளவில்லை. அப்படியே விட்டாள். கதவில் விளக்குமாற்றைச் சாய்த்து, கோணலாக ஒரு படம் எடுத்தாள். இணையப் பக்கத்தில் போட்டாள். ‘மற்றவர்கள் வாசலைக் கேட்காமல் படம் எடுத்தேன். தப்பு. இது என் வாசல். பாலத்துக்கு இந்தப் பக்கம் மூன்றாவது வீடு. செவ்வாயும் வியாழனும் பகல் முழுக்க நான் இருக்க மாட்டேன். பூட்டவில்லை. பூட்டவும் மாட்டேன். காப்பிப் பொடி அடுப்புக்கு மேல் தட்டில்.’

அதோடு வேலைக்குக் கிளம்பினாள். அன்று சாயங்காலம் வீடு திரும்பியபோது வைத்தது வைத்தபடி இருந்தது. அடுத்த செவ்வாயும் அப்படித்தான். திருடன் வரவில்லை என்பது நிம்மதி என்றால், ஊர்க்காரர்களும் வரவில்லை என்பது அதைவிடப் பெரிய கவலை. கதவுகளில் பிளாஸ்டிக் பைகள் ஆடிக்கொண்டேயிருந்தன. ஏப்ரல் கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த வியாழக்கிழமை பாலத்துக்குப் பக்கத்தில் நின்று ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது போன் சிணுங்கியது. வண்டியின் இணையப் பக்கத்தில் ஒரு கருத்து. பெர்-ஓலோவ் எழுதியிருந்தான். அவன் வாழ்க்கையில் இணையத்தில் எழுதிய முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

‘காப்பிப் பொடி தீர்ந்துபோச்சு.’

ரைலி ரொட்டியை விழுங்க மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன் மறுபடி சிணுங்கியது. அந்தக் கரை மீன்காரி எழுதியிருந்தாள்: ‘தீர்த்தது அவன்தான். மூணு கோப்பை.’ பிறகு வேறொருவர்: ‘உன் சோபாவில ஸ்பிரிங் குத்துது.’ பிறகு: ‘குழாய் சொட்டிச்சு. மாத்திட்டேன். பழச மேசை மேல வெச்சிருக்கேன்.’ ஹெல்லேவி மட்டும் விடுவாளா: ‘சுவர்ல இருக்கற கல்யாண போட்டோவுல சின்னப் பையன் மாதிரி நிக்கறது உன் பழைய புருஷனா? எவ்ளோ முடி!’ கீழே அந்தப் பழைய புருஷனே எழுதியிருந்தான்: ‘எனக்கும் அதேதான் தோணிச்சு.’

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது தரையெல்லாம் பூட்ஸ் ஈரம். தொட்டியில் கழுவாத கோப்பைகள் மலையாகக் குவிந்து கிடந்தன. விறகுப் பெட்டி நிரம்பி வழிந்தது. மேசையில் புகை போட்ட வெள்ளை மீன் ஒன்று, செய்தித்தாளில் சுற்றி. ரைலி அந்தக் கோப்பைகளை ஒவ்வொன்றாகக் கழுவினாள். கழுவும்போது பாட்டு வந்தது, பாடினாள்.

அதற்கப்புறம் அது ஒரு வழக்கமாகவே போய்விட்டது. செவ்வாயும் வியாழனும் ரைலி இரண்டு கரைக்கும் புத்தகம் கொண்டுபோனாள். இரண்டு கரையும் ரைலி வீட்டில் உட்கார்ந்து அவள் காப்பியைக் குடித்தது. ஏன் வந்தீர்கள் என்று கேட்டால் சும்மா எட்டிப் பார்க்க வந்ததாகச் சொல்வார்கள். உலகத்துக்கே திறந்து போட்டிருக்கிறாளே, ஆள் இல்லாத வீட்டில் ஒரு பார்வை இருக்கட்டும் என்று முறை வைத்துக்கொண்டு வந்தார்கள் என்பதை வாய்விட்டு யாரும் சொல்லவில்லை. ஒருநாள் கேமராவும் கையுமாக ஒரு வெளியூர்க்காரன் கதவைத் திறந்திருக்கிறான். உள்ளே ஒன்பது பேர் காப்பியை வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, இழவு வீடு என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றி, தலை குனிந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போய்விட்டானாம். அதைச் சொல்லிச் சொல்லி ஊர் ஒரு வாரம் சிரித்தது.

இணையப் பக்கத்தில் கருத்துகள் குவிந்தன. சோபாவிலிருந்து ஆரம்பித்தவர்கள் வண்டிக்கு வந்து சேர்ந்தார்கள். வண்டிப் படி வழுக்குகிறது. துப்பறியும் வரிசையில் மூன்றாம் பாகம் எங்கே? போன வாரம் நாலு நிமிஷம் தாமதம். அந்தக் கரைக்கு நல்ல புத்தகம் எல்லாம் போய்விடுகிறது. இந்தக் கரைக்குத்தான் முதலில் போகிறது, வாயை மூடு.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் யெஸ்பர் நேரிலேயே வந்துவிட்டான். வண்டிக்குள் நின்றபடி கணினியைத் திறந்தான்.

“நூத்துக்கு மேல கருத்து ரைலி. எல்லாம் உள்ளூர் ஆளுங்க, ரெண்டு கரையும். ஆனா எல்லாமே குறை! ஒரு நல்ல வார்த்தைகூட இல்ல. கம்ப்யூட்டர்ல போட்டுக் கணக்குப் பாத்தா ‘கடும் அதிருப்தி’ன்னு வருது. இத வெச்சுட்டு நம்பிக்கைன்னு நான் எப்படிச் சொல்வேன்?”

“யெஸ்பர், உங்கம்மா உன்னத் திட்டுவாளா?”

“தினமும்.”

“பக்கத்து வீட்டுக்காரனத் திட்டுவாளா?”

யெஸ்பர் யோசித்தான். “அவன் கிட்ட ரொம்ப மரியாதையா பேசுவாங்க. அவன அவங்களுக்குப் பிடிக்காது.”

“அவ்வளவுதான். அத எழுதிக்கோ.”

அவன் அதை எப்படி எழுதினானோ தெரியாது. கூட்டத்தில் ஓர் உறுப்பினர், ‘இவ்வளவு குறை சொல்கிறார்களே, நிறுத்திவிட்டால் என்ன?’ என்று கேட்டாராம். இன்னொருவர், துவோமிலாவில் தாய்வழிச் சொந்தம் உள்ளவர், ‘நீ போய் அங்கே அதைச் சொல்லிவிட்டு உயிரோடு வா, பார்க்கலாம்’ என்றாராம். வண்டிக்கு இரண்டு வருஷம் நீட்டிப்பு கிடைத்தது. படி வழுக்காமல் இருக்க ரப்பர் விரிப்பும் தருவதாகச் சொன்னார்கள்.

யெஸ்பர் போனில் கத்திய கத்தலில் ரைலி போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக் கேட்டாள். சந்தோஷம்தான். இல்லை என்று சொல்ல முடியுமா? கதவுகளிலும் ஒவ்வொன்றாக விளக்குமாறு திரும்பியிருந்தது. பச்சைக் கதவு, மஞ்சள் கதவு, ஹெல்லேவி கதவு, புது மிதியடியோடு. ஆனால் நீலக் கதவில் பூட்டு தொங்கியது. தௌனோ அவள் வீட்டுக்குக் காப்பி குடிக்கவும் வரவில்லை. ஒரு கருத்தும் எழுதவில்லை. வாரா வாரம் பை தொங்கும், அவள் எடுப்பாள், புதிது வைப்பாள். நூறு பேர் மன்னித்தாலும் அந்த ஒரு பூட்டைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கிழவரைத்தானே அம்மணமாக உலகத்தின் முன்னால் நிறுத்தினோம் என்று தோன்றும்.

ஆற்றில் பனி உடைந்து ஓடின வாரம். அந்தக் கரை நிறுத்தத்தில் ரைலி வண்டியை நிறுத்தியதும், படியில் கனமான காலடி கேட்டது. தௌனோ ஏறி வந்தார். புத்தகத்தைக் கல்லாமேசையில் வைத்தார். அலமாரி முன்னால் போய் நின்றார். பார்த்ததையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“பூட்டு சரியில்ல” என்றார், அலமாரியைப் பார்த்தபடியே.

“எதுல?”

“எனக்குப் பழக்கமில்ல. சாவிய உள்ள வெச்சுட்டு வெளிய வந்துடறேன். போன வாரம் என் வீட்டுக்கு நானே ஜன்னல் வழியா ஏறினேன்.”

“நீயா? எழுபத்திநாலு வயசுல?”

“பக்கத்து வீட்டு நாய் பாத்துடுச்சு. கொலைக்கக்கூட இல்ல. பாவமா பாத்துச்சு.”

ரைலி உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரித்தால் போச்சு. தௌனோ சட்டைப் பையைத் துழாவினார். ஒரு சாவியை எடுத்தார். மேசை மேல், புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

“கடையில ரெண்டு குடுத்தான். இது உன் கிட்ட இருக்கட்டும்.”

“என் கிட்டயா?” என்றாள் ரைலி. “தௌனோ, நான்…”

“செவ்வாய்க்கிழம காப்பி போட்டு வெக்கறேன். ஆறிப்போகுது, சீக்கிரம் வா.” படி இறங்கப் போனவர் திரும்பினார். ஒரு விரலை நீட்டினார். “அந்தச் சாவியப் படம் எடுத்துப் போட்டுடாத.”

அவர் போன பிறகு ரைலி அந்தச் சாவியை வண்டிச் சாவியோடு சேர்த்துக் கோத்து, என்ஜினைக் கிளப்பினாள். பாலம் தாண்டுகிற வரைக்கும் மூக்கைச் சிந்திக்கொண்டே ஓட்டினாள். சளி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை.